துண்டு எழுதிக் கொடுத்த பிறகு ஆகும் செலவு யாருடையது?

திருகோணமலை மாவட்டச் சுகாதார சேவைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரியீர்,

பாடசாலை மருத்துவப் பரிசோதனையைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 200 இற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பாடசாலைகளில் அது தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளுக்கே நடைபெறுகிறது. அதற்காகப் பெற்றோரிடம் ஒரு சதமும் அறவிடப்படுவதில்லை. பரிசோதிக்க வரும் வைத்திய அதிகாரியிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிலோ எனக்குக் குறை எதுவுமில்லை. செலவு தொடங்குவது, குறை காணப்பட்ட பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு.

இம்முறை எங்கள் தரம் 4 மாணவி ஒருத்திக்கு இடது கண்ணில் பார்வைக் குறைவு என்று துண்டு கிடைத்தது. பழைய பதிவைப் புரட்டியபோது, தரம் 1 இலும் அதே கண்ணுக்காக அவளை அனுப்பியிருப்பது தெரிந்தது. தாய் அலட்சியமாக இருக்கவில்லை. வயலில் கூலிக்குப் போகும் அவர், அன்றைய கூலியை விட்டு, வெருகலிலிருந்து நகரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே வேறொரு திகதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடி போனபோது கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து, வெளியே கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். "போய் வந்த பஸ் காசே கடன், ரீச்சர். கண்ணாடிக்கு நான் எங்க போற?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

வளரும் வயதில் ஒரு கண் மங்கலாகவே விடப்பட்டால், மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஏற்கப் பழகுவதில்லை. ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெருமளவு மீட்கலாம். அதன் பின் கடினம். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. ஆசிரியர்கள் காசு சேர்த்து வாங்கிய கண்ணாடியை இன்று அணிந்திருக்கிறாள். ஆனால் முழுப் பார்வை திரும்புமென்று வைத்தியர் உறுதி கூறவில்லை. குறையை உரிய வயதில் கண்டுபிடித்தும், நாம் அவளைக் கைவிட்டிருக்கிறோம்.

கண்டறியப்படும் நோய்க்குச் சிகிச்சை கிடைக்க வழி இருக்க வேண்டும் என்பது, இத்தகைய நோய் கண்டறியும் பரிசோதனைகளுக்காக 1968 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வில்சன், யங்னர் நியமங்களில் ஒன்று. வெருகலிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் அந்த வழி பஸ் காசிலும் ஒருநாள் கூலியிலும் தங்கியிருக்கிறது. பல்லுக்கும் காதுக்கும் எழுதப்படும் துண்டுகளின் கதியும் இதுவே. வாகனத்துக்கும் எரிபொருளுக்கும் கணக்கு வைக்கும் திட்டத்தில் இந்தத் தாயின் செலவு எந்த நிரலில் எழுதப்படுகிறது? அந்தச் செலவையும் திட்டத்தின் செலவாகவே ஏற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஆகவே, தவணைக்கு ஒருமுறையாவது, பார்வையை அளந்து கண்ணாடிக்கு எழுதித் தரக்கூடிய ஓர் உத்தியோகத்தரை அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு அனுப்பி வையுங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கண்ணாடியைப் பரிசோதனைத் திட்டத்தின் நிதியிலிருந்தே வழங்குங்கள். தரம் 1 பிள்ளைகளுக்கு எழுதப்படும் துண்டுகளை அடுத்த தவணையிலேயே மீளப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்; தரம் 4 வரை காத்திருக்க அந்தக் கண்களுக்கு அவகாசமில்லை.

அடுத்த பரிசோதனை தொடங்குவதற்கு முன்னர் இவை குறித்த தங்கள் முடிவை அதிபர்களுக்கு எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வெருகல் பிரதேசப் பாடசாலை ஆசிரியை ஒருவர்