அணை நீர்மட்டத்தோடு பருவக் குறிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று தாங்கள் நாள்தோறும் வெளியிடும் அணைகளின் நீர்மட்டப் பட்டியலைத் தவறாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். மலையில் மழை எப்படி என்பதை அந்த எண்களைக் கொண்டே கணிக்கும் விவசாயிகள் தென்காசி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். 36 அடி உயரமே கொண்ட குண்டாறு நிரம்பி வழிகிறது என்ற செய்தி ஆனி, ஆடியில் வந்துவிட்டால், சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அந்தப் பட்டியலுக்குக் கீழே நான்கு வரி இடம் ஒதுக்கி, சாரல் தொடங்கியது, வேம்பு பூத்தது என்று வாசகர்கள் அனுப்பும் பருவக் குறிப்புகளை ஊர்ப்பெயருடனும் தேதியுடனும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வானிலையை இப்போது நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறோம். அதைக் குறை சொல்வதற்கில்லை. களத்தில் நெல்லைக் காயப்போட்டிருப்பவருக்கு ரேடார் படம் செய்யும் உதவி சிறிதன்று. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேலக்காற்று இறங்கி, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து, கொடியில் கிடக்கும் துணி நனைவதும் காய்வதுமாக இருக்கும் சாரல் நாளுக்கும், சாதாரண மழை நாளுக்கும் செயலி காட்டுவது ஒரே மேகத்தையும் அதே மூன்று துளிகளையும்தான். இன்றைய நிலையையும் வரும் பத்து நாள் நிலையையும் சொல்லும் அந்தத் திரை, சென்ற ஆண்டு இதே வாரத்தில் நம் தெரு எப்படி இருந்தது என்று சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்று வெளியூர் உறவினர்கள் போன் செய்து கேட்ட வழக்கமும் குறைந்துவிட்டது. எந்த ஆண்டில் எடுத்தது என்றே தெரியாத ஐந்தருவிக் காணொளி ஒன்று குழுக்களில் சுற்றி வருகிறது. அதை நம்பி வேன் பிடித்து வந்தவர்கள், பாறையில் கோடு போல் வழியும் தண்ணீருக்கு முன்னால் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக நிற்பதை இங்கே பலமுறை பார்த்திருக்கிறோம். உள்ளூர்க்காரர் ஒருவரின் தேதியிட்ட இரண்டு வரிக் குறிப்பு இருந்தால் அவர்களுடைய டீசல் செலவாவது மிஞ்சும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் திரண்ட கணக்கு. ஆனால் 2023-ஆம் ஆண்டு கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த டிசம்பர் 17 அன்றுதான் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2021-இல் பொங்கலையொட்டிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் சாய்ந்ததையும் மறந்திருக்க மாட்டோம். 2025-இல் தென்மேற்குப் பருவமழை வழக்கமான ஜூன் 1-க்குப் பதிலாக மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டுவிட்டதால், ஆனியில் எதிர்பார்க்கும் சாரலை வைகாசியிலேயே கண்டோம். ஓரிரு ஆண்டுகளை வைத்துப் பழமொழி பொய்த்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பழமொழி பொய்க்கிறதா இல்லையா என்று சொல்லவும் நம்மிடம் ஊர்வாரியான பதிவு வேண்டுமல்லவா?

மழையளவை, 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை குறித்து வருகிறது. எந்த ஊரில் வேம்பு எப்போது பூத்தது, மாம்பூ எந்த வாரத்தில் கருகியது, முதல் ஈசல் எந்த இரவில் விளக்கைச் சுற்றியது, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்துகள் எப்போது வந்து இறங்கின என்பவற்றை ஊர்தோறும் யாரும் குறித்து வைப்பதாகத் தெரியவில்லை. மரங்களைப் பொறுத்தவரை 2010 முதல் நடந்துவரும் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர்கள் பெருமளவில் பங்கேற்று, இலை துளிர்ப்பதையும் பூ பூப்பதையும் வாரந்தோறும் பதிவு செய்கிறார்கள். சித்திரைப் பிறப்பன்று விஷுக் கனிக்கு வேண்டிய கொன்றை அந்நாளுக்கு வெகு முன்பே பூத்துக் கொட்டிவிடுகிறது என்ற பேச்சு அங்கே அடிக்கடி எழுவதால், அந்தப் பதிவுகளுக்கு மதிப்பும் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாமும் அதே கொன்றையைத்தான் பார்க்கிறோம்.

இதற்குக் கைப்பேசியே நல்ல கருவி. எடுக்கும் படத்தோடு தேதியும் நேரமும் தாமாகப் பதிந்துவிடுகின்றன. மொட்டைமாடியிலிருந்து போகிற போக்கில் எடுத்த பழைய படங்களைத் தேடிப் பார்த்தாலே, எதிர்வீட்டுக் கொன்றை சில ஆண்டுகளில் எப்போது மஞ்சளாயிற்று என்று தெரிந்துவிடும். வாசகர்கள் ஊர், தேதி, படம் ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றும், பிறர் அனுப்பியதை மேலனுப்புவது கூடாது என்றும் ஒரு விதி வைத்துவிடலாம். கூடவே கவிதைகளும் வரத்தான் செய்யும். அவற்றை ஞாயிறு இணைப்புக்கு அனுப்பிவிடலாம்! மாசிக்குள் இதற்கான அறிவிப்பைத் தாங்கள் வெளியிட்டால், பங்குனியில் பூக்கும் வேம்பிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தென்காசி.