சின்னவளை கோல் கீப்பராக்கிப் போட்டினம்

அடியேய் கீப்பர்,

எப்பிடி இருக்கிறாய்? அம்மாவின்ர முழங்கால் நோ இப்ப பரவாயில்லையோ? தம்பியின்ர கலியாண வீட்டுப் படமெல்லாம் பாத்தனான், எல்லாரும் குனிஞ்சு வடையை எடுக்க நீ மட்டும் ரீபவுண்டுக்கு நிக்கிறமாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறாய், உன்னைத் திருத்தேலாது. சரி, சுகம் விசாரிச்சாச்சு, விசயத்துக்கு வாறன்.

என்ர சின்னவள் ரீஜினல் அகாடமி நெட்போல் ஸ்குவாட்டில எடுபட்டிட்டாள்!

இது என்னெண்டு உனக்கு முழுசாச் சொல்லோணும். நியூ சவுத் வேல்ஸில 1985இல இல்லவாரா எண்ட இடத்திலதான் இப்பிடி முதல் அகாடமி தொடங்கினது, இப்ப மாநிலம் முழுக்க இருக்கு. சிட்னியில இருக்கிற பிள்ளையளுக்கு எல்லாம் பக்கத்தில கிடைக்குது, நாங்கள் டபோவில இருந்து சிட்னிக்குப் போறதெண்டா கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், அப்ப எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கும் ஊரை விட்டுப் போகாமலே நல்ல கோச்சிங் வேணும் எண்டதுதான் யோசனை. சனிக்கிழமை கிளப் மட்ச் வழமைபோல நடக்கும், இது அதுக்கு மேலதிகம். ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங், என்ன சாப்பிடுறது, எவ்வளவு நித்திரை கொள்ளுறது, தோத்த பிறகு மனசை என்னெண்டு சரிப்படுத்துறது எண்டு எல்லாத்துக்கும் ஆள் வந்து சொல்லிக்குடுக்கினம். பிறகு மற்ற அகாடமியளோட போட்டி. அங்க கண்ணில பட்டால் 17 வயசுக்குக் கீழ ஸ்டேட் டீம், பிறகு 19, பிரிமியர் லீக், அதையும் தாண்டினா எங்கட மாநிலத்துப் பெரிய டீமுகள் ஸ்விஃப்ட்ஸ் இல்லாட்டி ஜயன்ட்ஸில ட்ரெயினிங் பார்ட்னர், அதாவது டீமோட சேர்ந்து பழகுற மேலதிக ஆள். உச்சியில நாட்டின்ர பெரிய லீக், சூப்பர் நெட்போல், 8 டீம், டீமுக்கு 10 பேர். முழு அவுஸ்திரேலியாவுக்கும் 80 இடம்தானடி, அதிலயும் வெளிநாட்டுப் பிள்ளையள் இருக்கினம்.

ட்ரயல்ஸ் அண்டைக்கு நீ நிண்டிருக்கோணும். நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்த பிள்ளையள், தகப்பன்மார் தோட்டத்துச் சப்பாத்தோடயே வந்து வேலியில சாஞ்சு நிக்கினம், பிள்ளை ஒரு போல் பிடிச்சாலும் முகத்தில ஒண்டையும் காட்டமாட்டினம், ஆனா காருக்குப் போற வழியில தோளைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினம் பாரு, எனக்குக் கண் கலங்கிட்டுது.

இப்பதான் பிரச்சினை. இவள் ஒன்பது வயசில இருந்து கோல் போடுற ஷூட்டர், உனக்குத் தெரியும். இப்ப 15, உயரம் 182 சென்ரிமீட்டர். கோச் முதல் நாளே கூப்பிட்டு, உன்னை கோல் கீப்பராத்தான் எடுத்தது எண்டு சொல்லிப்போட்டா. வீட்டுக்கு வாறவழி முழுக்க அழுகை. பொழுது படுற நேரம், ரோட்டில கங்காரு பாயும் எண்டு நான் கண்ணைக் கொட்டாமல் ஓடுறன், பின் சீட்டில இவள் விம்மி விம்மி அழுறாள். அடுத்த நாள் கோவம். சூப்பர் ஷொட் இருக்குத்தானே அம்மா எண்டு வாதாடுறாள். அது சூப்பர் நெட்போலில 2020இல கொண்டுவந்த விதி, ஒவ்வொரு குவாட்டரிலயும் கடைசி அஞ்சு நிமிசம் தூரத்தில இருந்து போட்டா ரெண்டு புள்ளி, அப்ப ஓடித் திரிஞ்சு தூரத்தில இருந்து அடிக்கிற ஷூட்டருக்கு இடம் இருக்கு எண்டு அவளின்ர கதை. அது நியாயமான கதைதான்.

ஆனா கோச்சின்ர பக்கமும் எனக்கு விளங்குது. சூப்பர் நெட்போலில கோல் போடுற அந்த ஷூட்டிங் சேர்க்கிளைப் பார், ஜமேக்காவில இருந்து 198 சென்ரிமீட்டர் ஜனீல் ஃபௌலர், இங்கிலாந்தில இருந்து எலனோர் கார்ட்வெல், இப்பிடி வெளிநாட்டு ஷூட்டர்மார் எத்தினை பேர் வந்து நிண்டிருக்கினம். இஞ்சத்தப் பிள்ளைக்கு அந்த வாசல் சரியான ஒடுக்கம். கீப்பருக்கு மட்டும் லேசோ எண்டு கேப்பாய், ஜமேக்காவின்ர ஷமேரா ஸ்டேர்லிங் எண்டு ஒருத்தி போதும், கைக்கு எட்டாத போலையெல்லாம் பறிச்சுக்கொண்டு போறாள். எண்டாலும் இவளுக்கு நீளக் கை, பொறுமை இருக்கு, போல் எங்க வரும் எண்டு முன்னமே மணந்து பிடிக்கிற குணம் இருக்கு. அது உன்னட்ட இருந்தது, என்னட்ட ஒருநாளும் இருக்கேல்ல.

அவளுக்குக் கீப்பர் எண்டா கோல் அடிக்க விடாமல் மறிக்கிற ஆள், அவ்வளவுதான். 0.9 மீட்டர் தள்ளி நிண்டு, கையை நீட்டி, ஷூட்டர் விடப்போற அந்த நொடிக்காகச் சாஞ்சு காத்துக்கொண்டு நிக்கிறதில எவ்வளவு யோசனை இருக்கு எண்டு அவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. ஒரு தோள் ஷூட்டரிட்ட, ஒரு கண் போலில, பாஸ் வரமுதலே அந்த இடத்துக்கு அவள் போகேலாதமாதிரி காலால வழியை அடைக்கிறது, நீ கிணத்தடி நெட்போல் கோர்ட்டில பாடசாலை முடிஞ்ச பிறகும் தனிய நிண்டு பழகினது எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது. இதை நான் சொன்னால் எடுபடாது. நான் நடுவில நிண்டு விளையாடின சென்டர், எனக்கு ஓடத்தான் தெரியும்.

இன்னொரு பயமும் இருக்கு. முழங்கால். போலைப் பிடிச்சவுடன நிக்கோணும், போலோட ஓடேலாது, அந்த நிப்பிலதான் எத்தினை பெட்டையளின்ர சவ்வு அறுந்து ஒரு வருசம் போகுது. இஞ்ச வார்ம் அப்பிலயே ஒரு காலில இறங்கி முழங்கால் உள்ளுக்கு மடியாமல் நிக்கப் பழக்கினம், நெட்போல் அவுஸ்திரேலியாவே அதுக்கெண்டு ஒரு புரோகிராம் வச்சிருக்கு. தயவுசெய்து உன்ர பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் இதைத் தொடங்கு, ஒரு சாமானும் தேவையில்லை, வீடியோ அனுப்புறன்.

உன்ர பிள்ளையளைத்தான் கன நேரம் யோசிச்சனான். ஏ.எல். எழுதினவுடன விளையாட்டை விட்டிடுகினம், பாங்க் டீம், ஆமி டீம் எண்டு கொழும்புப் பக்கம் போறவளுக்குத்தான் மிச்சம் எண்டு நீ ஒவ்வொரு முறையும் கத்துவாய். இலங்கை டீமின்ர ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீட்டர், 2009இலயும் 2018இலயும் ஆசியக் கிண்ணம் எடுத்த டீமில நிண்டவா, மெல்பேர்னிலயும் வந்து விளையாடினவா. அந்த ஒரு ஆளைக் காட்டிக்காட்டியே நாங்கள் பெருமைப்படுறம், அவாக்குப் பின்னால வடக்கில இருந்து வரிசையா வாறதுக்கு வழி போட்டமோ? பெரிய காசு வேண்டாமடி, அஞ்சாறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை மாசத்துக்கு ஒருக்கா ஒரு கோர்ட்டில சேர்த்தாலே தொடக்கம்தான். இஞ்சயும் 1985இல அப்பிடி ஆரோ யோசிச்சதாலதான் இண்டைக்கு இவளுக்கு ஒரு இடம். நீ கேட்டால் ரீச்சர்மார் வருவினம், உன்ர வாய்க்குப் பயந்தாவது வருவினம்.

இப்ப முதல் வேலை இவள். இந்த ஞாயிறு உங்கட பின்னேரம் ஃபோன் எடுக்கிறன், அம்மா சொல்லித்தான் நீ கதைக்கிறாய் எண்டு காட்டிக்கொள்ளாத. போன கிழமை மட்ச் வீடியோவும் அனுப்பியிருக்கிறன், மூண்டாவது குவாட்டரைப் பார், ஷூட்டர் திரும்பேக்க இவளின்ர இடது கால் பிந்துது எண்டு எனக்குப் படுது, சரியோ எண்டு பாத்துச் சொல்லு.

உன்ர சென்டர்