ராட்சத சாலமாண்டர் சோம்பேறி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ராட்சத சாலமாண்டர் (பல்லி உருவில், ஆனால் தவளை வகையறாவைச் சேர்ந்த பெரிய நீர்வாழ் விலங்கு) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் கண்டுகொள்ளாத ஒரு விலங்குக்கு இத்தனை பக்கம் ஒதுக்கினீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி: ‘நாள் முழுக்கக் கல்லாகக் கிடக்கும் இந்தச் சோம்பேறிக்கு ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தால் போதும்.’ அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உயிரியல் பூங்காவில் இந்த விலங்கைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு தொட்டித் தண்ணீர் என்று எழுதியவர், அந்தத் தண்ணீரில் ஒரு தடவையாவது கை வைத்துப் பார்த்திருக்கலாம். விரல் விறைத்துப்போகும். ராட்சத சாலமாண்டருக்கு நுரையீரல் உண்டு, ஆனால் மூச்சுக்கு அது பெரிதாக உதவாது. உடம்பின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல்தான், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் சூடேறினால் கரைந்த ஆக்ஸிஜன் குறையும். அதே நேரத்தில் விலங்கின் உடம்பு கேட்கும் ஆக்ஸிஜனோ கூடும். அதனால் 20 டிகிரி செல்சியஸைத் தாண்ட நாங்கள் விடமாட்டோம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது, ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் தோல் புண்ணாகும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை வடிகட்டி சமாளிக்காவிட்டால் அதுவே விஷம். மூச்சு விடுகிற உறுப்பே வெளியே தண்ணீரில் கிடக்கிற உயிர் இது. உங்கள் பத்திரிகைக்கு இதெல்லாம் தெரியாதது அல்ல. அதனால்தான் வருத்தம் கூடுதலாக இருக்கிறது.

‘சோம்பேறி’ என்ற சொல்லை நான் முதலில் உங்கள் இதழில் பார்க்கவில்லை, அலுவலகக் கோப்பில் பார்த்தேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழசாகிவிட்டது, மாற்றாக இன்னொன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அசையாமல் படுத்திருக்கும் விலங்குக்கு எதற்கு இவ்வளவு மின்செலவு என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோடையிலேயே, கூட்டம் நிறைந்த ஒரு விடுமுறை நாளில், சில்லர் நின்றுபோனது. மதியத்துக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. கல்லுக்கு அடியில் இருந்த விலங்கு வெளியே வந்து, இடமும் வலமுமாக உடம்பை ஆட்ட ஆரம்பித்தது. பக்கத்துத் தோல் மடிப்புகள் அலைபோல அசைந்தன. அப்புறம் மூக்கு நுனியை மேலே நீட்டிக் காற்றைக் குடித்தது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஆக்ஸிஜன் போதாமல் தவிக்கும்போது அது செய்வது இதுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் கை தட்டியது, “ஆடுது பாரு, ஆடுது பாரு!” என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டியது. நாங்கள் ஐஸ் கட்டிகளைப் பைகளில் கட்டித் தொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தோம். விலங்கு பிழைத்தது. மாற்று சில்லருக்கு அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

ஆகவே, இந்த ஒரு சொல்லுக்காகவா ஒரு கடிதம் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சோம்பேறி என்று அச்சில் வந்துவிட்டால், அடுத்த கோப்பைத் திருப்பி அனுப்புகிறவருக்கு அது வசதியாகப் போகும்.

அது ராத்திரியில் வேட்டையாடும் விலங்கு. கண் மிகச் சிறியது, இமை கிடையாது. தண்ணீரில் எழும் அதிர்வைத் தோலில் உள்ள உணர் உறுப்புகளால் அறிகிறது. மீன் பக்கத்தில் வரும்வரை அசையாது. வந்ததும் வாய் திறக்கும், சில சமயம் ஒரு பக்கத் தாடையை மட்டும் தாழ்த்தி. அந்த வேகத்தில் மீனும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போய்விடும், நம் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. உங்கள் கட்டுரையில் அழகான தொட்டி என்று பாராட்டியிருக்கிறீர்களே, அதில் பரப்பியிருந்த பொடிக்கற்களும் இப்படித்தான் இரையோடு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும். கட்டுரையாளர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார்: கண்ணாடியைத் தட்டினால் எழுந்து வருமாம். அதிர்வால் உலகத்தை அறிகிற உயிர் அது. அதன் வீட்டுச் சுவரைத் தட்டச் சொல்லி உங்கள் பத்திரிகையில் வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது?

முன்பும் இதே பத்திரிகையில் ராட்சத சாலமாண்டரை ஊர்வனவற்றில் சேர்த்து எழுதினீர்கள். இன்னொரு தடவை சீனச் சாலமாண்டர் என்று போட்ட படத்தில் இருந்தது அதன் அமெரிக்க உறவான ஹெல்பெண்டர். சீன விலங்கு 1.8 மீட்டர் வரை வளரக்கூடியது, ஹெல்பெண்டர் முக்கால் மீட்டரைத் தொடுவதே அபூர்வம். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்று வரவேயில்லை. மற்றதில் படத்தைப் பற்றிய பகுதி போய், உங்களைப் பாராட்டிய வரிகள் மட்டும் வந்தன.

வளர்ப்பது சுலபம் என்பதற்குச் சான்றாக, ஜெர்மன் மருத்துவர் சீபோல்டு ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்குக் கொண்டுபோன சாலமாண்டர் பிடிபட்ட பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, 1881-இல் ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் இறக்கும்வரை, உயிரோடு இருந்ததைக் காட்டியிருக்கிறீர்கள். உயிரோடு இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. ஹிரோஷிமாவின் அசா பூங்காவைப் பாருங்கள். ஆற்றில் இவை எப்படி வாழ்கின்றன என்று கவனித்து, ஓடும் நீரும் பொந்துகளும் அமைத்துக் கொடுத்தார்கள். 1979-இல் அங்கே குஞ்சுகள் பொரித்தன. பொந்தைக் காப்பது ஆண்தான். முட்டைகளுக்கு ஆக்ஸிஜன் கிடைக்க வாலால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போன முட்டைகளைத் தின்று மற்றவற்றைக் காப்பாற்றும், மாதக்கணக்கில் அந்த இடத்தைவிட்டு நகராது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பூங்காவும் செயற்கை ஓடையும் கூட்டுப் பெட்டிகளும் அமைத்து, 2011-இல் ஓசார்க் ஹெல்பெண்டரை இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதற்கு முன் உலகத்தில் எந்தப் பூங்காவிலும் அது நடந்ததில்லை.

சீனாவில் பண்ணைகளில் லட்சக்கணக்கில் இருப்பதால் கவலையில்லை என்ற வரியையும் விட முடியவில்லை. 2018-இல் வெளியான கள ஆய்வில் 97 இடங்களில் தேடி, நான்கே இடங்களில்தான் காட்டு ஆறுகளில் கண்டார்கள். அவையும் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் வேறு. ஒரே இனம் என்று நினைத்ததில் பல இனங்கள் இருப்பது மரபணுச் சோதனையில் தெரிந்த பிறகும், எது எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று பார்க்காமல் பண்ணையில் கலந்து வளர்த்து ஆற்றில் விடுவது காப்பாற்றுவது ஆகாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்: கண்ணாடியைத் தட்டக் கூடாது, ஒரு தொட்டித் தண்ணீர் போதாது. கட்டுரையை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் பற்றிய பத்தியை மட்டும் முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்குப் பராமரிப்பாளன்