விண்ணப்பத்தில் இருக்கும் அந்த 700

உதவித்தொகைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் ஃபைனான்ஸ் மேற்படிப்புக்குப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் பணம் எத்தனை வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பது, காரைக்குடியில் வருடக்கணக்காக காமர்ஸ் பாடம் எடுத்த எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். உங்கள் விண்ணப்பத்தில், மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வு பற்றி, ‘ஜிமேட் 700-க்குக் குறையக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

பழைய ஜிமேட் 2024 ஜனவரியோடு நின்றுபோனது. இப்போதைய தேர்வில் மதிப்பெண் 205 முதல் 805 வரை. எல்லா மதிப்பெண்ணும் ஐந்தில்தான் முடியும். 700 என்று ஒரு மதிப்பெண்ணே அதில் கிடையாது. முன்பு 700 வாங்கியவர் இருந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய 645 வாங்கியவர் இருக்கிறார். நீங்கள் நினைக்காமலேயே வாசற்படி உயர்ந்துவிட்டது.

அப்புறம், ஏன் ஜிமேட் மட்டும்? போன வருடம் என்னிடம் கணக்குக்கு வந்த பள்ளத்தூர்ப் பெண், மேற்படிப்புக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ எழுதினாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நாளுக்கு ஐந்து ஆங்கிலச் சொல் எழுதி, அடுப்படி ஜன்னல் கம்பியில் செருகி வைத்துப் படித்தவள். சொல்வளத்தைச் சோதிக்கும் கேள்வி ஜிஆர்இ-யில் உண்டு, ஜிமேட்டில் இல்லை. ஜிஆர்இ கணக்குப் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம். பதறுகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஜிமேட்டில் பின்னால் வந்து திருத்துவது பகுதிக்கு மூன்று விடைதான். கணக்குக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஆனால் அதில் ஜியோமெட்ரி இல்லை, கட்டுரை இல்லை. அட்டவணையும் வரைபடமும் பார்த்து 45 நிமிடத்தில் 20 கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதி இருக்கிறது. ஐந்தொகை போட்டுப் பழகிய பையனுக்கு அது தோதாக இருக்கும். ஆளுக்கு ஏற்ற தேர்வு என்று ஒன்று உண்டு.

எம்ஐடி-யின் ஃபைனான்ஸ் படிப்பும் லண்டன் பிசினஸ் ஸ்கூல் படிப்பும் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்த கல்லூரியும் அப்படித்தான். உங்கள் கமிட்டியிலிருந்துதான் அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள்.

1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். போகிற ஊரில் எது செல்லும் என்று பார்த்துப் போன வழி நம்முடையது. பிள்ளைகளுக்கும் அந்த வழியை விடுங்கள். சேரப்போகும் படிப்பு எந்தத் தேர்வை ஏற்கிறதோ, கமிட்டியும் அதை ஏற்கட்டும். இங்கேயே எம்பிஏ ஃபைனான்ஸ் படிக்க கேட் (CAT), டான்செட் நுழைவுத் தேர்வுகளை எழுதுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

இன்னொன்று. ‘இந்த வருடத்து மதிப்பெண்’ என்று கேட்காதீர்கள். கேட் மதிப்பெண்தான் ஒரு வருடத்தோடு போய்விடும்; ஜிமேட், ஜிஆர்இ இரண்டும் ஐந்து வருடம் செல்லும். இரண்டு வருடம் சம்பாதித்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டுக் கிளம்பும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய.

தை மாதக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பள்ளத்தூர்ப் பெண்ணின் மதிப்பெண் இன்னும் நான்கு வருடம் செல்லும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காமர்ஸ் ஆசிரியை, காரைக்குடி