பட்டிக்கு அடியில் துரு உயிரோடு இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தனியார் பேருந்துகளைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மாந்தோப்பு ஓரத்திலும் பட்டறைப் பின்புறத்திலும் இப்படி வண்டிகள் நிற்பதால் எங்களுக்கும் வேண்டிய விஷயம்தான். ஆனால் துருவைச் சுரண்டிவிட்டு மேலேயே புதுத் தகடு அடித்து, பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் பசை) பார்த்து, பெயின்ட் அடித்தால் போதும் என்கிற யோசனையை ஏற்க முடியவில்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழி கிடையாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே உப்பி, தகட்டைப் பிணைக்கும் ரிவிட் ஆணியின் தலையையே பிடுங்கிவிடும். பட்டியும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழை முடிவதற்குள் பெயின்ட் கொப்பளிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டெய்ம்லர் பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இருந்த காலத்து வண்டியோ, பழைய லேலண்டோ, கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம்தான் வந்தது. பாடியை உள்ளூர்ப் பட்டறைகள் கட்டின. ஒரு வண்டியின் தகடு இன்னொன்றில் உட்காராது, வரைபடமும் கிடையாது. ஓட்டை விழுந்த அந்தப் பழைய தகடுதான் வரைபடம். கழற்றியதைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் எண் எழுதி வையுங்கள். பெயின்டை உரிக்கும் முன் முதலாளி பெயர், ஊர்ப் பெயர் எழுதிய இடங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வெளித்தகட்டை அல்ல, அடியை. படிக்கட்டுப் பெட்டி, பின் மட்கார்டு வளைவு, ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் பில்லர் தூணின் அடி, தரையைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் இரு முனைகள்: துரு தொடங்குவது இங்கேதான். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு பொத்தென்று அடங்கும். அதற்கும் மேலே, கூரை ஓரத்தில் மழைநீர்க் கால்வாய். புளியமரத்தடியில் நின்ற வண்டியில் அது முழுக்க இலை மக்கிக் கிடக்கும். அந்த ஈரம் பில்லருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பலர் கெடுப்பது வெட்டும்போதுதான். பேட்டரியைக் கழற்றி, டீசல் டாங்கை இறக்கிய பிறகு, சமதரையில் ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்து, பாரம் ஸ்பிரிங் மேலேயே இருக்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். பாடிக்கு அடியில் ஜாக்கி வைக்கக் கூடாது. வாசலுக்குக் குறுக்காகவும், ஜன்னல் மட்டத்தில் பில்லருக்குப் பில்லரும் 1 அங்குலச் சதுரக் குழாயை டேக் (பொட்டுப் பொட்டாக வைக்கும் சின்ன வெல்டு) வைத்துப் பூட்டிய பிறகே கட்டிங் வீலை எடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டினால் பாடி தொங்கிவிடும். பிறகு எத்தனை வெல்டு வைத்தாலும் கதவு சேராது. ஒவ்வொரு ஜன்னலிலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்து எழுதி வையுங்கள். வேலைக்கு நடுவே அந்த அளவு 3 மில்லிமீட்டர் மாறினாலும் நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி 1 அங்குலம் வரை வெட்டி, 18 கேஜ் (சுமார் 1.2 மில்லிமீட்டர்) தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்க்க வேண்டும், மேலேற்றி அல்ல. 2 அங்குலத்துக்கு ஒரு டேக். பிறகு ஒரு முனையில் 1 அங்குலம், எதிர் முனையில் 1 அங்குலம் என்று மாற்றி மாற்றி, காற்றில் ஆறவிட்டு வெல்டு வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு அப்பளமாக நெளியும். துருவை எடுக்கக் காற்றழுத்தத்தில் அடிக்கும் மணல் வீச்சை மெல்லிய தகட்டில் அடித்தாலும் இதே கதி. அதைச் சேசிஸோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடியைச் சேசிஸோடு வெல்டு வைப்பது பெரிய தப்பு. யூ போல்ட்டும் நடுவே கட்டையோ ரப்பரோ வேண்டும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சேசிஸ் முறுக்கும். அதற்கு இடம் இல்லாவிட்டால் பில்லரின் அடியில் விரிசல் விடும்.

அலுமினியத் தகடு இரும்பு ஆங்கிளை நேராகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். இரும்புக்கு இபாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, இடையில் ரப்பர் டேப் வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே கருவியால் இழுத்து அடிக்கும் பாப் ரிவிட் வேலையைச் சுலபமாக்கும், ஆனால் அதன் நடுத்துளை வழியே தண்ணீர் இறங்கும். பழைய மாதிரி, நடுத்துளை இல்லாத அலுமினிய ரிவிட்டே நல்லது.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை: தண்ணீர்ப் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்த பாடியை உப்பு போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடாதீர்கள். உப்பு படிந்த இடத்தில் பெயின்ட் பிறகு முத்து முத்தாக எழும்பும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வேண்டும். வெறும் இரும்பைத் துடைத்துக் காயவைத்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். பட்டி அதற்கு மேல்தான், 3 மில்லிமீட்டருக்கு மிகாமல்.

உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டிச் சட்டங்களின் அடியில் 8 மில்லிமீட்டர் வடிதுளை போட்டு, உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். வழக்கமாக அடிக்கும் கழிவு ஆயில் புழுதியைப் பிடித்துத் துளையையே அடைக்கும், ரப்பரையும் கெடுக்கும். வண்டியை ஒப்படைக்கும் முன் கூரைக் கால்வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எல்லாத் துளையிலும் வடிகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். வடியாத துளையை அன்றே கம்பி விட்டுக் குத்தி எடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து பாடிப் பட்டறைத் தொழிலாளர்கள்,
கிருஷ்ணகிரி.