பழத்தோலில் காளான்: மலைக்கு வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழக்கழிவில் காளான் வளர்க்கலாம் என்ற பேச்சு மலையகத்தில் பரவுவது மகிழ்ச்சியே. ஆனால் அன்னாசித் தோலையும் கொடித்தோடைக் கோதையும் சந்தையில் அள்ளியபடியே பையில் அடைத்தால், பத்தாம் நாள் கிடைப்பது பச்சைப் பூஞ்சணம்தான். ஈரத்தோலில் உள்ள சீனியும் புளிப்பும் ட்ரைக்கோடெர்மா என்ற அந்தப் பூஞ்சணத்துக்கு விருந்து. சிப்பிக் காளானோ மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை மெல்ல உடைத்து வாழ்வது. சீனிக்கான போட்டியில் அது பிந்திவிடும்.

ஆகவே தோலைக் கழுவி, விரலளவாக நறுக்கி, சாக்கில் கட்டிப் பாரக்கல் ஏற்றிச் சாற்றை வடியுங்கள். பிறகு முறியும் பதத்துக்குக் காய வேண்டும். மழை மாதங்களில் வெயிலை நம்பாமல் அடுப்புக்கு மேலே பரண் கட்டுவதே வழி. தோடம்பழத் தோலை மட்டும் முதலில் கொதிநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அதிலுள்ள லிமொனீன் எண்ணெய் காளான் இழையைத் தடுக்கும்.

7 கிலோ மரத்தூளுக்கு 3 கிலோ காய்ந்த தோல், அரைக் கிலோ அரிசித் தவிடு, 300 கிராம் கல்சியம் காபனேற்று, 20 கிராம் எப்சம் உப்பு. 10 கிலோ மரத்தூளுக்கு வழக்கமாக 1 கிலோ தவிடு சேர்ப்பார்கள். பழத்தோலில் மிஞ்சிய சீனி இருப்பதால் இங்கே பாதி போதும். பீஎச் தாளில் 6.5 முதல் 7 வரை காட்ட வேண்டும். கலவையை நீர் சேர்த்துப் பிசைந்து கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. காய்ந்த தோல் மெதுவாகவே நீர் இழுக்கும் என்பதால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பிழிந்து பாருங்கள்.

பலர் தவறுவது, பையில் அடைத்த கலவையைக் கிருமி நீங்க ஆவியில் அவிப்பதில். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். பண்டாரவளையில் சுமார் 96. அழுத்தமில்லாத பீப்பாயில் ஆவி அதற்குமேல் சூடேறாது. கொழும்புக்குச் சொன்ன நான்கு மணி நேரம் இங்கே பையின் நடுவை அரைவேக்காடாக விட்டுவிடும். ஆவி சீராக எழுந்தபின் ஆறு மணி நேரமாவது அவியுங்கள், பழத்தோல் கலந்தால் ஏழு. வித்திட்ட பைகளை 24 பாகைக்குக் குறையாத அறையில் வையுங்கள். காளான் பூக்கும் கட்டத்தில்தான் மலைக்குளிர் உதவும்.

அறுவடை முடிந்த பையை எறிவது பெரிய நட்டம். லிக்னினை உடைக்க இழை சுரந்த லக்கேஸ் என்ற நொதியம் (என்சைம்) அதில் மிஞ்சியிருக்கும். 1 கிலோவை உதிர்த்து 4 லீற்றர் குளிர்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கொதித்தால் செயலிழக்கும். வடித்த நீரில் சிறிது எடுத்து, குவாயகோல் என்ற இரசாயனக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுச் செங்கபிலமாக மாறினால் நொதியம் வேலை செய்கிறது. துணிச்சாயக் கழிவுநீரின் நிறத்தைக் குறைக்க இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம், குடிக்கக் கூடாது.

சீனிநீரில் பழத்தோலை மூன்று மாதம் ஊறவைத்து ‘என்சைம்’ என்று போத்தலில் விற்கும் திரவம் வேறு. அதில் பெரும்பாலும் இருப்பவை அசற்றிக் அமிலமும் மதுசாரமும்தான். லக்கேஸ் வேண்டி அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காளான் செய்கையாளர்கள்,
பண்டாரவளை