மகளுக்கு: ஸ்லோ குக்கரில் கோலா உருண்டை ஆணம்

கீழக்கரை

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம் சொல்.

ஸ்லோ குக்கரில் வைத்த கோலா உருண்டை, அந்தக் கொத்துக்கறி உருண்டை, கரைந்து கூழாகிவிட்டது, ஆணம், அதாவது குழம்பு, தண்ணியாக நிற்கிறது, மசாலாவில் பச்சை வாடை அடிக்கிறது என்று போனில் மூன்று குறை சொன்னாய். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அடுப்புச் சட்டியில் தண்ணி வற்றும், மசாலா வதங்கும், எண்ணெய் பிரியும். ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரப் பானையில் மூடி போட்டபடியே இருப்பதால் ஏறுகிற ஆவி திரும்பச் சொட்டி உள்ளேயே விழும். சூடும் கொதிநிலையை ஒட்டித்தான் நிற்கும், அதைத் தாண்டாது. அதனால் வதக்குவது, சிவக்க வைப்பது, உருண்டையை இறுக வைப்பது எல்லாம் அந்தப் பானைக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். மெதுவாக வேகவைப்பது ஒன்றுதான் அதன் வேலை, அதை அடுப்பைவிட நன்றாகவே செய்யும்.

கறியிலிருந்து தொடங்கு. அங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் தொடைக்கறியாகக் கேட்டு, கொழுப்பையும் சவ்வையும் எடுத்துவிட்டு இரண்டு முறை அரைத்துத் தரச் சொல். கொத்துக்கறியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவாதே. முழுத்துண்டு போல அது தண்ணியை வடியவிடாது, பஞ்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணிதான் பானையில் வெளியே வந்து உருண்டையைப் பிளக்கும். குழாயடியில் கழுவினால் தெறிக்கிற தண்ணியோடு கிருமியும் தொட்டியெல்லாம் பரவும். நன்றாக வெந்தாலே கிருமி செத்துவிடும்.

அரை கிலோ கொத்துக்கறிக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. வேறு எதையும் சேர்க்காமல் உப்பை மட்டும் போட்டு ஒரு நிமிடம் பிசை. முதலில் உதிரி உதிரியாக இருக்கிற கறி, கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டும். கையைத் தூக்கினால் கூடவே எழும்பி வரும். உருண்டையைப் பிடித்துவைப்பது அந்த ஒட்டுதான், பொட்டுக்கடலை அதற்குத் துணை. ஒட்டு வந்ததும் நிறுத்திவிடு, மேலும் பிசைந்தால் உருண்டை ரப்பர் மாதிரி ஆகும்.

அடுத்து பத்துச் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி, ஆறவைத்துச் சேர். பச்சையாகப் போட்டால் அதுவும் தண்ணி விடும். அதோடு இஞ்சி பூண்டு விழுது இரண்டு தேக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணி விடாமல் அரைத்த தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் காம்பில்லாமல் பொடியாக அரிந்து இதிலேயே போட்டுவிடு. கறிக்குள் போன கீரையைப் பிள்ளைகள் ஒதுக்கமாட்டார்கள். கசகசா சிங்கப்பூரில் தடை, யார் கையிலும் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்காதே. ஆறு முந்திரியைப் பொடித்துப் போட்டால் போதும்.

உருட்டுவதற்கு முன் ஒரு சின்னத் துண்டைத் தோசைக்கல்லில் சுட்டு உப்பு பார். இன்னொரு சின்ன உருண்டையைக் கொதிக்கிற தண்ணியில் போட்டு மூன்று நிமிடம் விடு. விளிம்பு உதிர்ந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் குறை தெரியவருவது சாயங்காலம்தான். உருண்டை பெரிய நெல்லிக்காய் அளவு, 30 கிராம் இருக்கட்டும். இந்த அளவுக்கு 22லிருந்து 24 வரை வரும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னது உலர்ந்துபோகும், பெரியது நடுவில் வேகாது. உருட்டியதை மூடி ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜில் வை, நன்றாக இறுகிவிடும்.

ஆணத்துக்கு வேண்டிய மசாலாவையும் ராத்திரியே வதக்கி வைத்துவிடலாம். நல்லெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். சின்னத் துண்டு பட்டை, ஒரு கிராம்பு, ஒரு ஏலம் போடு. அடுப்பில் போடுகிற அளவில் பாதிதான் இது. மூடிய பானையில் ஆறு மணி நேரம் ஊறும்போது பட்டையும் கிராம்பும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 150 கிராம் சின்ன வெங்காயத்தை ஓரம் சிவக்க வதக்கு. இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி போட்டு சிறு தீயில் ஒரு நிமிடம் பிரட்டு. மல்லித்தூளின் பச்சை வாடை போக எண்ணெயின் சூடு வேண்டும், வெந்நீரின் சூட்டில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அது முழுதாகப் போகாது. பிறகு மூன்று தக்காளி, முக்கால் தேக்கரண்டி உப்பு போட்டுக் குழைய வதக்கி இறக்கு. ஆறினதும் வேறு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வை. குக்கரின் பீங்கான் பானையிலேயே போட்டு வைக்காதே. சில்லென்ற பானையைக் காலையில் சூடேறும் இடத்தில் வைத்தால் விரிசல் விடும்.

காலையில் பிள்ளைகள் பசியாறுகிற நேரம் போதும். ஓவனை 220 டிகிரிக்கு முன்சூடு செய்து, தட்டில் பேக்கிங் தாள் விரித்து, உருண்டைகளை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி 12 நிமிடம் வை. ஏர் ஃபிரையர் என்றால் 200 டிகிரியில் எட்டு நிமிடம். எண்ணெயில் பொரிக்கவே வேண்டாம், உருண்டையின் கொழுப்பும் தட்டில் இறங்கிவிடும். அந்தக் கொழுப்பை ஆணத்தில் ஊற்றாதே. ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடி: ராத்திரியே அரைவேக்காடாகச் சுட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதே. பாதி வெந்த கறிதான் கிருமி பெருகத் தோதானது. ஒன்று பச்சையாகக் குளிரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் முழுக்க வெந்திருக்கட்டும்.

ஓவனில் உருண்டை இருக்கும்போதே மசாலாவோடு ஒரு டம்ளர் தண்ணி, 200 மில்லி, சேர்த்து அடுப்பில் கொதிக்க வை. அடுப்புக்கு இரண்டரை டம்ளர் ஊற்றுவோம், இங்கே அதில் பாதிகூட வேண்டாம். உருளைக்கிழங்கு போடுவதானால் பானையின் அடியில் போடு. ஸ்லோ குக்கரில் கறியைவிடக் கிழங்குதான் தாமதமாக வேகும். அதன் மேல் உருண்டை, அதற்கும் மேல் கொதிக்கிற மசாலா. பானை பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேல் போகாமலும் நிறைந்திருக்கட்டும். குறைந்த சூடான லோவில் ஐந்தரையிலிருந்து ஆறு மணி நேரம், கூடின சூடான ஹையில் மூன்று மணி நேரம். நடுவில் கரண்டி விடாதே, மூடியையும் திறக்காதே. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நீ வேலைக்குப் போய்த் திரும்பப் பத்து மணி நேரம் ஆகிறது என்பதால் இதைக் கவனி. ஆறு மணி நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு, ஆறாமல் மட்டும் வைத்திருக்கிற சூட்டுக்கு, மாறுகிற குக்கர்தான் உனக்குச் சரி. வார்மில் நாலு மணி நேரம் இருந்தால் கெடாது, உருண்டை கொஞ்சம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். டைமர் பிளக் போட்டு மத்தியானம் ஓட ஆரம்பிக்கிற மாதிரி வைக்காதே. அந்த ஊர் வெக்கையில் கறி வெளியே சும்மா கிடக்கக்கூடாது. அதே போல ஃப்ரீசரில் இருந்து எடுத்த உறைந்த உருண்டையை நேரே பானையில் போடாதே, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிடு.

வீட்டுக்கு வந்ததும் உருண்டையின் நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார். ஆட்டுக்கறிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74. நிறத்தை நம்பாதே, வெந்த கொத்துக்கறியும் சில நேரம் சிவப்பாகவே இருக்கும். பிறகு ஹையில் வைத்து மூடியைத் திறந்து 20 நிமிடம் விடு, ஆணம் திக்காகும். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியை அப்போதுதான் ஊற்ற வேண்டும். காலையிலேயே ஊற்றினால் திரிந்து மேலே எண்ணெயும் கீழே திப்பியுமாக நிற்கும். ராத்திரிக்குச் சோறானாலும் இடியாப்பமானாலும் சேரும். ஒரு ஆளுக்கு நாலு உருண்டை, பக்கத்தில் வெள்ளரிக்காய் ஏதாவது நறுக்கி வை.

கோழியில் செய்தால் நெஞ்சுக்கறி மட்டும் வாங்காதே, சக்கையாகிவிடும். பாதி தொடைக்கறி கல, லோவில் நாலு மணி நேரம் போதும். மீன் உருண்டைக்கு இந்தக் கணக்கே ஆகாது. இங்கே இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான் வருகிறது. அங்கே உனக்கு அந்தத் தடை இல்லை. செய்வதானால் உருண்டையை இட்லித் தட்டில் பத்து நிமிடம் அவித்து, புளியாணம் குக்கரில் தயாராக இருக்கும்போது கடைசி அரை மணி நேரம் மட்டும் ஹையில் போடு. காலையிலிருந்து கிடந்தால் மீன் உதிர்ந்துவிடும்.

ஒரு விடுமுறை நாளில் இரட்டிப்பாக உருட்டி, ஓவனில் 17, 18 நிமிடம் வைத்து 71 டிகிரி வந்ததைப் பார்த்து, ஆறவிட்டுத் தட்டிலேயே உறையவைத்து, பிறகு பையில் போட்டுவை. மூன்று மாதம் தாங்கும். நோன்பு நேரத்துக்கு இது பெரிய உதவி. இளகிய உருண்டை, கொதிக்கிற மசாலா, ஹையில் இரண்டு மணி நேரம், நோன்பு திறந்ததும் சாப்பாடு தயார். மிஞ்சுகிற ஆணத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வை, மூன்று நாளுக்குள் முடித்துவிடு. திரும்பச் சூடுபண்ண ஸ்லோ குக்கர் ஆகாது, அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிடு.

நம் குண்டு மிளகாய், அதுதான் 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு, வெயிலில் காயவைத்து அரைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறவர்கள் கையில் அரை கிலோ கொடுத்தனுப்புகிறேன். அது வந்ததும் மேலே எழுதின ஒரு தேக்கரண்டியை அப்படியே போடாதே. முக்கால் போட்டுப் பார், பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று தெரிந்த பிறகு கூட்டிக்கொள்.

உம்மா